ஏசி கேஸ் தானாகத் தீராது: பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விளக்கம்

கார் ஏசி சரியாகக் குளிரவில்லை என்றதும் யாரைக் கேட்டாலும் முதலில் வருகிற பதில், "கேஸ் தீர்ந்திருக்கும், அடிச்சா சரியாயிடும்" என்பதுதான். பல ஒர்க்‌ஷாப்பிலும் அதையேதான் செய்கிறார்கள். பைப்பை மாட்டி, கொஞ்சம் கேஸ் ஏற்றி, காசை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். ரெண்டு மாதம் நன்றாகக் குளிரும், அப்புறம் மறுபடியும் பழைய கதை. பெட்ரோல் எரிந்து தீரும். ஏசி கேஸ் அப்படித் தீர்கிற பொருளே இல்லை. மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் வருடக்கணக்கில் சுற்றிச் சுற்றி வருகிறது. அது குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ வெளியே போயிருக்கிறது என்றுதான் அர்த்தம். ரப்பர் ஹோஸ் வழியாகவும் ஜாயிண்ட் வழியாகவும் பல வருடங்களில் கொஞ்சம் கசிவது இயல்பு. சில மாதங்களில் காலியாவது இயல்பு இல்லை, அது லீக். லீக்கை அடைக்காமல் கேஸ் போடுவது காசைக் காற்றில் விடுவதுதான்.

இது எப்படி வேலை செய்கிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால் பாதிக் கோளாறுகளை நீங்களே கண்டுபிடித்துவிடலாம், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஊசி போடும் முன் நர்ஸ் கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்குமே, ஸ்பிரிட் குளிர்ச்சியாக இருப்பதால் அப்படித் தோன்றுவதில்லை. அது ஆவியாகும்போது நம் தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. கார் ஏசியும் இதையேதான் செய்கிறது, ஒரே வித்தியாசம், ஆவியானதைப் பிடித்து மறுபடியும் திரவமாக்கித் திரும்ப அனுப்புகிறது. இன்று ஓடுகிற பழைய கார்களில் பெரும்பாலும் இருப்பது ஆர்-134ஏ என்ற கேஸ். சாதாரணக் காற்றழுத்தத்தில் அது மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தம் கூடக்கூட அது கொதிக்கும் வெப்பநிலையும் கூடும். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் அழுத்தம் சுமார் 30 பி.எஸ்.ஐ. (டயரில் காற்று அளக்கிற அதே அலகு) அளவில் இருக்கும்போது அது 1, 2 டிகிரியில் கொதிக்கும். ப்ளோயர் தள்ளுகிற காற்று அந்தக் காயில் மேல் பட்டு, தன் வெப்பத்தைக் கொடுத்துவிட்டு, குளிர்ந்து நம் முகத்துக்கு வருகிறது.

வெப்பத்தை வாங்கி ஆவியான கேஸை இஞ்சின் பெல்ட்டில் சுற்றுகிற கம்ப்ரசர் உறிஞ்சி, 200 பி.எஸ்.ஐ. அளவுக்கு அமுக்கி, ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிற கண்டன்சருக்கு அனுப்பும். அவ்வளவு ஏன் அமுக்க வேண்டும்? வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் தானாகப் போகும். வெளியே காற்று 33 டிகிரி இருக்கிறது என்றால், அதில் வெப்பத்தைக் கொட்ட கேஸ் அதைவிடச் சூடாக இருந்தாக வேண்டும். 200 பி.எஸ்.ஐ.யில் ஆர்-134ஏ சுமார் 55 டிகிரியில் திரவமாக மாறும், அதனால் 33 டிகிரிக் காற்றாலேயே அதைக் குளிரவைத்துத் திரவமாக்கிவிட முடியும். அந்தத் திரவம் ட்ரையர் என்ற சின்ன உருளைக்குள் போய் ஈரத்தையும் தூசியையும் விட்டுவிட்டு, எக்ஸ்பான்ஷன் வால்வின் மிகச் சின்ன துவாரம் வழியாகக் காயிலுக்குள் பீய்ச்சப்படும். அங்கே அழுத்தம் சட்டென்று இறங்க, மறுபடி கொதிக்க ஆரம்பிக்கும். இந்தச் சுற்றில் எங்கே தடங்கல் வந்தாலும் நமக்குத் தெரிவது ஒன்றுதான், குளிர் இல்லை. அதனால்தான் எல்லாவற்றுக்கும் கேஸ் மேல் பழி விழுகிறது.

இனி நம் ஊர் விஷயத்துக்கு வருவோம். கன்னியாகுமரி மாவட்டத்தில் வெயில் வேலூர் மாதிரி சுடுவதில்லை, ஆனால் காற்றில் ஈரம் எப்போதும் உண்டு. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் பெய்கிறது, ஐப்பசி மழையும் பெய்கிறது. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வண்டி ஓட்டிப் பாருங்கள், வெப்பநிலை 30-ஐத் தாண்டாமலேயே சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். ஏசிக்கு இது பெரிய சுமை. காற்றில் ஆவியாக இருக்கும் நீரைத் தண்ணீராக்குவதற்கு, அதே அளவு தண்ணீரை ஒரு டிகிரி குளிர்விக்கத் தேவையானதைப்போல 550 மடங்குக்கும் மேல் வெப்பத்தை எடுக்க வேண்டும். காருக்கு அடியில் சொட்டுச் சொட்டாக விழுகிற தண்ணீர் இப்படி எடுத்த தண்ணீர்தான். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சொட்டினால் நல்லது. சொட்டாமல் முன் சீட்டுக்குக் கீழே மேட் நனைந்தால் அந்தத் தண்ணீர் வெளியேறுகிற ட்ரெயின் குழாய் அடைத்திருக்கிறது, வண்டிக்கு அடியிலிருந்து மெல்லிய பிளாஸ்டிக் கம்பியைப் பக்குவமாக விட்டு எடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

இந்த ஈரத்தால் இன்னொரு விஷயமும் இருக்கிறது. வெளிக்காற்றை உள்ளே எடுக்கிற நிலையில் லீவர் இருந்தால், ஏசி ஓயாமல் புதுப்புது ஈரக்காற்றைக் காயவைத்துக்கொண்டே இருக்கும். பழைய சின்ன வண்டிகளின் ஏசி அவ்வளவு வேலையைத் தாங்காது. முதல் சில நிமிடம் கண்ணாடியை இறக்கிச் சூடான காற்றை வெளியேற்றிவிட்டு, அப்புறம் கண்ணாடியை ஏற்றி, உள்காற்றையே சுற்றவிடும் நிலைக்கு லீவரைத் தள்ளுங்கள். ஏசி கோளாறு என்று ஒர்க்‌ஷாப்புக்கு வருகிற வண்டிகளில் சிலவற்றுக்கு இந்த லீவர் மட்டும்தான் கோளாறு.

அடுத்தது உப்பு. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் என்று கடலோரத்தில் வீடு இருப்பவர்களின் கார்களில் கண்டன்சரைப் பார்த்தால் விஷயம் புரியும். முன் கிரில் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். மெல்லிய அலுமினியத் தகடுகள் வரிசையாக நிற்க வேண்டும். உப்புக்காற்றில் வருடக்கணக்கில் நின்ற வண்டியில், கீழ் ஓரத்தில் அந்தத் தகடுகள் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, விரல் நகத்தால் தொட்டாலே மாவாக உதிரும். தகடு போனால் குழாய் மட்டும்தான் மிச்சம், அதற்கு வெப்பத்தை வெளியே விடுகிற பரப்பு போதாது. கேஸ் முழுதாக இருந்தாலும் குளிராது. அதே அரிப்பு குழாயையும் தொட்டால் லீக்கும் வந்துவிடும். கடலோரம் இருப்பவர்கள் மாதம் ஒருமுறை இஞ்சின் ஆறியிருக்கும்போது கண்டன்சரில் நல்ல தண்ணீரைச் சாதாரண ஹோஸால் விடுங்கள். வாட்டர் சர்வீஸ் கடையில் பிரஷர் கன்னை அதற்கு நேராகப் பிடிக்க விடாதீர்கள், தகடுகள் மடங்கி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் காற்றே புகாது.

சரி, குளிரவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதலில் காற்றைக் கவனியுங்கள். காற்று குறைவாக வருகிறதா, அல்லது காற்று நன்றாக வந்தும் குளிராக இல்லையா? இந்த ரெண்டும் வேறு வேறு நோய். காற்றே குறைவு என்றால் கேஸுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க வாய்ப்பு குறைவு. கேபின் ஃபில்டர் இருக்கிற வண்டியில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் அதைக் கழற்றிப் பாருங்கள். பல பழைய வண்டிகளில் ஃபில்டரே கிடையாது, தூசி நேராகக் கூலிங் காயிலில் போய்ப் படிந்து, ஈரத்தோடு சேர்ந்து சேறாகி நிற்கும், ஏசி போட்டதும் ஒரு பூசண வாடை வரும். காயிலை வெளியே எடுத்துக் கழுவினால்தான் தீரும். ப்ளோயர் கடைசி வேகத்தில் மட்டும் ஓடி, 1, 2, 3-ல் ஓடவில்லை என்றால் ப்ளோயர் ரெசிஸ்டர் எரிந்திருக்கிறது. சின்ன பாகம்தான், மாற்றுவதும் எளிது.

காற்று நன்றாக வருகிறது, குளிர் இல்லை என்றால் பானட்டைத் திறங்கள். தொளதொள உடையும் கழுத்தில் துண்டும் வேண்டாம், பெல்ட்டும் ஃபேனும் எப்போது வேண்டுமானாலும் இழுத்துவிடும். இஞ்சினை ஓடவிட்டு, உள்ளே இன்னொருவரை ஏசி சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும், கம்ப்ரசரின் முன்பக்கத் தட்டு (இதுதான் கிளச்) புல்லியோடு ஒட்டிச் சுற்ற ஆரம்பிக்க வேண்டும், இஞ்சின் சத்தமும் ஒரு நொடி அமுங்கி எழ வேண்டும். புல்லி மட்டும் சுற்றி, நடுத் தட்டு அசையாமல் நின்றால் கம்ப்ரசர் வேலை செய்யவில்லை. உடனே கம்ப்ரசர் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஃபியூஸ் போயிருக்கலாம், ரிலே போயிருக்கலாம். பல வண்டிகளில் ஹாரன் ரிலேயும் ஏசி ரிலேயும் ஒரே மாதிரி இருக்கும், நம்பர் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டு இடம் மாற்றிப் போட்டால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். எலி கடித்த வயராகவும் இருக்கலாம். பழைய கம்ப்ரசரில் கிளச் தட்டு தேய்ந்து இடைவெளி கூடிப்போய், வண்டி சூடானதும் காந்தத்தால் அதை இழுக்க முடியாமல் போவதும் உண்டு. காலையில் குளிர்கிறது, நாகர்கோவிலிலிருந்து புறப்பட்டுத் தக்கலை போவதற்குள் நின்றுவிடுகிறது, வண்டி ஆறியதும் மறுபடி வேலை செய்கிறது என்றால் இதைச் சந்தேகப்படுங்கள்.

கேஸ் குறைந்தாலும் கிளச் ஒட்டாது. குழாயில் ஒரு பிரஷர் சுவிட்ச் இருக்கிறது, அழுத்தம் சுமார் 30 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போனால் கம்ப்ரசருக்குக் கரண்ட்டை நிறுத்திவிடும். ஆயில் கேஸோடு சேர்ந்துதான் சுற்றுகிறது, கேஸ் இல்லாமல் ஓடினால் கம்ப்ரசர் ஆயில் கிடைக்காமல் கருகிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. அந்த சுவிட்சின் வயரைக் கழற்றி நேரடியாக இணைத்து "இப்ப ஓடுதுல்ல" என்று காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சோதனைக்காக ஒரு நொடி செய்வது வேறு, அப்படியே விட்டு அனுப்புவது வேறு. கம்ப்ரசர் போவதற்கு அது நேர் வழி, அனுமதிக்காதீர்கள். கேஸ் அரைகுறையாக இருந்தால் கிளச் சில நொடிக்கு ஒருமுறை ஒட்டி ஒட்டி விடும், 'டக்... டக்... டக்' என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

கம்ப்ரசர் ஓடுகிறது என்றால் பைப்புகளைத் தொட்டுப் பாருங்கள். டேஷ்போர்டுச் சுவரிலிருந்து ரெண்டு பைப் வெளியே வரும், ஒன்று தடிமன், ஒன்று மெல்லியது. தடித்த பைப் சில்லென்று, மேலே நீர் பூத்து, கையை நனைக்க வேண்டும். மெல்லிய பைப் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். கம்ப்ரசரிலிருந்து கண்டன்சருக்குப் போகிற பைப்பைத் தொடவே வேண்டாம், கையைச் சுட்டுவிடும். தடித்த பைப் நன்றாகக் குளிர்ந்திருந்தும் உள்ளே காற்று சூடாக வருகிறது என்றால், ஹீட்டர் பக்கத்து ஃபிளாப்போ வால்வோ மூடாமல் நிற்கிறது. பழைய வண்டிகளில் இது ஒரு கேபிள்தான், கிளிப் கழன்று நழுவியிருக்கும். இதற்குப்போய்க் கேஸ் அடித்தால் ஒரு பயனும் இல்லை.

வண்டி ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது குளிரவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது கண்டன்சர் ஃபேனை. ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைக்கிற அந்தக் காற்றில் நான்குவழிச் சாலையில் போனால் எந்த ஏசியும் குளிரும், கண்டன்சருக்குள் காற்று தானாகவே புகுந்து போகிறது. அதே வண்டி வடசேரியிலோ மார்த்தாண்டம் பாலத்துக்குக் கீழேயோ நெரிசலில் நின்றால், ஃபேன் இழுக்கிற காற்று மட்டும்தான். ஏசி போட்டதும் ஃபேன் ஓட வேண்டும். ஓடவில்லை அல்லது சோம்பலாக ஓடுகிறது என்றால் மோட்டார், ரிலே, வயர் என்று பாருங்கள். இதற்கு ஒரு அருமையான சோதனை இருக்கிறது: வண்டியை நிறுத்தி, இஞ்சினும் ஏசியும் ஓடும்போதே கிரில் வழியாகக் கண்டன்சர் மேல் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு நிமிடத்தில் குளிர் கூடினால், கோளாறு கேஸில் இல்லை, வெப்பம் வெளியே போகாததில்தான் இருக்கிறது. ஃபேனைப் பார்க்கலாம், கண்டன்சரைக் கழுவலாம், அரித்துப்போயிருந்தால் மாற்றலாம்.

இன்னொரு கோளாறு, நன்றாகக் குளிர்ந்துகொண்டே இருந்து அரைமணி நேரத்தில் காற்று குறைந்துகொண்டே போய் நின்றுவிடும். ஏசியை அணைத்து ப்ளோயரை மட்டும் பத்து நிமிடம் ஓடவிட்டால் மறுபடி வரும். காயிலில் ஐஸ் பிடிக்கிறது, அவ்வளவுதான். காயில் 0 டிகிரியை நெருங்கும்போது கம்ப்ரசரை நிறுத்த வேண்டிய தெர்மோஸ்டாட் வேலை செய்யவில்லை, அல்லது காயிலில் தூசி அடைத்துக் காற்றுப் போக்கு இல்லை. நம் ஊர் ஈரத்துக்கு இது சீக்கிரமே வரும்.

இதெல்லாம் பார்த்தபின்பும் கேஸ்தான் குறைவு என்று தெரிந்தால், அடுத்த கேள்வி அது எங்கே போனது என்பது. தக்கலை பக்கம் ஒரு வயதான மெக்கானிக் இருக்கிறார், "கேஸ் போட்டுத் தாங்கண்ணே" என்று யார் போனாலும் "மொதல்ல அது எங்க போச்சுன்னு பாப்போம் தம்பி" என்பார். சிலர் அதைக் கேட்டு அவசரப்பட்டு வேறு கடைக்குப் போய்விடுவார்கள். எனக்கு அப்படிக் கேட்கிற மெக்கானிக்தான் வேண்டும்.

லீக்கைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கும் வழி ஒன்று உண்டு. கேஸ் வெளியே போகும்போது கூடவே கொஞ்சம் ஆயிலையும் கொண்டுபோகும், அந்த ஆயிலில் தூசி ஒட்டும். பைப் ஜாயிண்ட், கண்டன்சரின் மூலை, கம்ப்ரசரின் முன்பக்கம் எல்லாம் பாருங்கள். சுற்றிலும் சாதாரணக் காய்ந்த புழுதி இருக்க, ஓரிடத்தில் மட்டும் ஈரமாகக் கறுத்துப் பிசுபிசுவென்று அழுக்கு இருந்தால் அங்கே சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள், குமிழி வரும். கேஸ் ஏற்றுகிற வாயில் உள்ள சின்ன வால்வு ஊசி வழியாகவும் லீக்காகலாம், அதன் மூடி தொலைந்திருந்தால் மணலும் உப்பும் உள்ளே போய் ரப்பரைக் கெடுத்துவிடும். அந்த மூடியை வாங்கிப் போடுங்கள். மிகச் சின்ன லீக் என்றால் உள்ளே சாயம் விட்டு, சில நாள் ஓட்டிவிட்டு, புற ஊதா விளக்கில் பார்ப்பார்கள், அல்லது நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். நைட்ரஜன் சோதனை எனக்குப் பிடித்தது, ஈரமே இல்லாத வாயு, விலை குறைவு, சுற்றுப்புறத்துக்குக் கெடுதல் இல்லை. சாதாரண ஏர் கம்ப்ரசரால் காற்றடித்துச் சோதிப்பதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள், நம் ஊர்க் காற்றில் இருக்கிற ஈரம் முழுக்க உள்ளே போய்விடும்.

வெளியே எங்கும் லீக் இல்லை என்றால் டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலைச் சந்தேகப்பட வேண்டும். ட்ரெயின் குழாயில் வருகிற தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இருந்தால் அது ஒரு தடயம்.

வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களின் வீடுகளில் கார் வருடத்தில் பத்துப் பதினொரு மாதம் ஷெட்டில் கிடக்கும். லீவுக்கு வந்து ஸ்டார்ட் செய்தால் ஏசி குளிராது. ஓடாமலே எப்படிக் கெடும் என்று கேட்பார்கள். ஓடாததுதான் காரணம். கம்ப்ரசர் சுற்றும்போதுதான் ஆயில் அதன் ஷாஃப்ட் சீலை நனைக்கிறது. மாதக்கணக்கில் சுற்றாவிட்டால் சீல் காய்ந்து, கேஸ் மெல்ல மெல்ல வெளியேறும். வீட்டில் தம்பியோ மச்சானோ யாராவது வாரம் ஒருமுறை, மழைக்காலமாக இருந்தாலும், பத்து நிமிடம் ஏசியோடு வண்டியை ஓட்டினால் இது பெருமளவு நிற்கும். ஷெட் காற்றோட்டம் இல்லாததாக இருந்தால் வெளியே எடுத்துவைத்து ஓடவிடுங்கள், புகை ஆபத்து.

லீக்கை அடைத்தாகிவிட்டது. இனி கேஸ் ஏற்றும் முறை. இங்கேதான் நிறைய ஏமாற்றம் நடக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உள்ளே மிச்சம் இருக்கிற கேஸை மெஷினால் உறிஞ்சி எடுக்க வேண்டும், காற்றில் திறந்துவிடக் கூடாது. ஒரு கிலோ ஆர்-134ஏ நூறு வருடக் கணக்கில் சுமார் 1,400 கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். குழாய் திறக்கப்பட்டிருந்தால் ட்ரையரை மாற்ற வேண்டும். அதற்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் மணிகள் நம் ஊர்க் காற்றில் சீக்கிரமே நிறைந்துபோகும். கழற்றிய ஜாயிண்ட்களில் புது ஓ-ரிங் (ரப்பர் வளையம்), அதில் கொஞ்சம் ஏசி ஆயில். போன ஆயில் எவ்வளவோ அதே அளவு ஆயில் ஊற்ற வேண்டும், அதுவும் அந்தக் கம்ப்ரசருக்குச் சொன்ன ரகமாக இருக்க வேண்டும். ஆர்-134ஏ வண்டிகளில் வழக்கமாகப் போடும் பி.ஏ.ஜி. ஆயில் காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்துவிடும், மூடி திறந்து அலமாரியில் கிடந்த டப்பாவிலிருந்து ஊற்றினால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அப்புறம் வேக்கம். பம்ப்பை மாட்டி உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்து எடுப்பது. அவசரத்தில் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள், குறைந்தது அரைமணி நேரம் வேண்டும், முக்கால் மணி நேரம் என்றால் இன்னும் நல்லது. அழுத்தம் காட்டுகிற கேஜில் முள் 29 இஞ்ச் (பாதரசக் கணக்கு) காட்டுகிற வேக்கத்தில் தண்ணீர் சுமார் 25 டிகிரியிலேயே கொதித்துவிடும், நம் ஊரில் நிழலிலேயே அதற்குமேல் சூடு உண்டு. அதனால் குழாய்க்குள் ஒட்டியிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியே வரும், ஆனால் அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். ஈரம் மிச்சம் இருந்தால் எக்ஸ்பான்ஷன் வால்வின் துவாரத்தில் ஐஸாகி அடைக்கும், ஆயிலோடும் கேஸோடும் சேர்ந்து அமிலமாகி உள்ளிருந்தே அரிக்கும். வேக்கம் முடிந்ததும் பம்ப்பை அணைத்து, வால்வுகளை மூடி, கால் மணி நேரம் கேஜ் முள்ளைப் பாருங்கள். முள் ஏறினால் லீக் இன்னும் இருக்கிறது அல்லது ஈரம் போகவில்லை. அந்தக் கால் மணி நேரம் பக்கத்திலேயே நில்லுங்கள், டீ குடிக்கப் போகாதீர்கள்.

கேஸை எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். பானட்டுக்கு அடியிலோ ரேடியேட்டர் தாங்கியிலோ ஒரு ஸ்டிக்கரில் எந்த கேஸ், எத்தனை கிராம் என்று போட்டிருக்கும். ஸ்டிக்கர் போயிருந்தால் வண்டியின் கையேட்டிலோ சர்வீஸ் புத்தகத்திலோ பாருங்கள். சின்ன கார்களுக்குப் பெரும்பாலும் அரைக் கிலோவுக்குள்தான் வரும், அதனால் 50 கிராம் கூடினாலும் குறைந்தாலும் வித்தியாசம் தெரியும்.

கேஜை மட்டும் பார்த்து ஏற்றினால் என்ன தவறு? இஞ்சினை அணைத்து வண்டி ஆறி நிற்கும்போது ரெண்டு கேஜும் ஒரே அழுத்தம் காட்டும், 30 டிகிரியில் அது சுமார் 97 பி.எஸ்.ஐ. உள்ளே கொஞ்சமாவது திரவம் இருக்கும்வரை 200 கிராம் இருந்தாலும் அதே 97, 500 கிராம் இருந்தாலும் அதே 97. அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான், அளவு இல்லை. நின்ற வண்டியில் கேஜ் மாட்டி "கேஸ் நிறைய இருக்கு" என்று சொல்வதில் அதனால் அர்த்தமே இல்லை. கேஜ் ஒன்றும் காட்டாவிட்டால் மட்டும் காலி என்று சொல்லலாம்.

இஞ்சினும் ஏசியும் ஓடும்போது கேஜ் நிறையச் சொல்லும். நீலக் கேஜ் அழுத்தம் குறைந்த பக்கத்துக்கு, சிவப்புக் கேஜ் அழுத்தம் கூடிய பக்கத்துக்கு. நம் வெயிலுக்கு நீலக் கேஜ் 30-லிருந்து 40-க்குள்ளும், சிவப்புக் கேஜ் 180-லிருந்து 250-க்குள்ளும் இருந்தால் ஏறக்குறைய சரி. ரெண்டும் குறைவு என்றால் கேஸ் குறைவு. ரெண்டும் கூடுதல் என்றால் கேஸ் அதிகம், அல்லது உள்ளே காற்று இருக்கிறது, அல்லது கண்டன்சர் வெப்பத்தை விடவில்லை. நீலம் மிகவும் இறங்கி வேக்கம் பக்கம் போனால் எக்ஸ்பான்ஷன் வால்வில் அடைப்பு. நீலம் உயர்ந்து சிவப்பு தாழ்ந்து ரெண்டும் நெருங்கி வந்தால் கம்ப்ரசர் அமுக்கும் சக்தியை இழந்துவிட்டது, அதற்கு எந்தக் கேஸும் மருந்து இல்லை. கேஸ் கூடுதலாகப் போட்டால் கூடுதலாகக் குளிரும் என்று நினைக்கவே வேண்டாம். கண்டன்சரில் திரவம் நிறைந்து, வெப்பம் வெளியேற இடம் இல்லாமல், குளிர் குறைந்து கம்ப்ரசருக்குத்தான் சுமை கூடும்.

சின்ன கேஸ் டப்பாவை வாங்கி வீட்டிலேயே செய்ய நினைப்பவர்களுக்கு: டப்பாவை நீலப் பக்கம், அதாவது தடித்த பைப் பக்கம் மட்டும் மாட்டுங்கள். தவறி சிவப்புப் பக்கம் திறந்தால் அந்த அழுத்தத்தில் டப்பா வெடிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், திரவமாக மேலே பட்டால் தோலை உறையவைத்துவிடும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. டப்பாவைத் தலைகீழாகப் பிடித்தால் திரவமே கம்ப்ரசருக்குள் போகும், திரவத்தை அமுக்க முடியாது, உள் பாகங்கள் உடையும். வேக்கம் பம்ப்பும் எடை மெஷினும் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. லீக்கை அடைக்கும் என்று சொல்லி விற்கிற திரவங்களையும் தொடாதீர்கள், வால்வின் துவாரத்தையும் சேர்த்தே அடைத்துவிடும்.

அம்பாசடர், பத்மினி, ஆரம்பகால மாருதி என்று இன்னும் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து ஏசிகளில் ஆர்-12 என்ற கேஸ் இருந்தது. ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கையில் அதைக் குறைக்க முடிவெடுத்தார்கள், இந்தியா 1992-ல் அதில் சேர்ந்தது. அந்த வண்டிக்கு ஆர்-134ஏ நேராகப் போட முடியாது. பழைய மினரல் ஆயில் இதோடு கலக்காது, அப்படியே விட்டால் ஆயில் எங்காவது தங்கிக் கம்ப்ரசர் காய்ந்துபோகும். பழைய ஆயிலைக் கழுவி எடுத்து எஸ்டர் ஆயில் ஊற்றி, ட்ரையர், ஓ-ரிங், கேஸ் ஏற்றும் வாய் எல்லாம் மாற்றி, எந்த கேஸ் இருக்கிறது என்று ஸ்டிக்கரும் ஒட்ட வேண்டும். பழைய அளவைவிடக் கொஞ்சம் குறைத்துத்தான் போடுவார்கள். செலவைச் சொன்னதும் சமையல் கேஸ் போட்டுவிடலாம், நன்றாகக் குளிரும் என்று யாராவது யோசனை சொல்லலாம். குளிரும், உண்மைதான். காயில் இருப்பது நீங்கள் உட்கார்ந்திருக்கும் மூடிய அறைக்குள், அதில் லீக் வந்தால் ஒரு பொறி போதும். பிள்ளைகளை ஏற்றிப் போகிற வண்டியில் அதைச் செய்யவே கூடாது.

வேலை முடிந்ததும் பில்லில் எத்தனை கிராம் கேஸ், என்ன ஆயில், எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டரை நடு வென்ட்டில் செருகி, உள்காற்று நிலையில், ப்ளோயர் ரெண்டாவது வேகத்தில், பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து, வருகிற எண்ணையும் அந்த பில்லிலேயே எழுதிவையுங்கள். நல்ல நிலையில் உள்ள பழைய காரில் நம் ஈரத்துக்கு 8-லிருந்து 12 டிகிரிக்குள் வந்தால் எனக்குத் திருப்தி. அடுத்த மார்ச்சில் அதே ரோட்டில், அதே வேகத்தில், அதே நேரத்தில் மறுபடி வைத்துப் பாருங்கள். மூன்று நான்கு டிகிரி கூடியிருந்தால் முதலில் கண்டன்சரைக் கழுவிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள், அப்போதும் இறங்கவில்லை என்றால் பில்லை எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போய், உள்ளே இப்போது எத்தனை கிராம் மிச்சம் இருக்கிறது என்று உறிஞ்சி எடைபோட்டுக் காட்டச் சொல்லுங்கள்.